ஹாலுக்குள் புளியமரம், கூரைக்குள் ராசு

1984, மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை. எழுந்தேன். பல் தேய்த்தேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன் — அது ஞாயிற்றுக்கிழமை வேலை. செருப்புகளுக்குப் பாலீஷ் போட்டு வாசலில் வரிசையாக வைத்தேன். மொட்டைமாடிக்குப் போய்ப் புளிய இலைகளைக் கூட்டினேன். கீழே வந்து காபி குடிக்க உட்கார்ந்தால் டம்ளரில் ஒரு புளிய இலை. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன்.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

புளிய இலை காபிக்குள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு ஹாலில் ஒரு புளியமரம் இருக்கிறது. வாசலில் இல்லை, கொல்லையில் இல்லை... ஹாலில். சோபாவுக்கும் ரேடியோ ஸ்டாண்டுக்கும் நடுவில் தரையிலிருந்து கிளம்பி, சமையலறைப் பக்கம் தாழ்வாக ஒரு கிளையை நீட்டிவிட்டு, கூரையைத் துளைத்துக்கொண்டு போய், மாடிக்கு மேலே குடை விரித்து நிற்கிறது.

எனக்கு ஒன்றும் பைத்தியம் இல்லை. நான் ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். திருகாணிகளை அளவு வாரியாக டப்பாவில் போட்டு, டப்பாக்களை அளவு வாரியாக அடுக்கி வைக்கிறவன். அப்படிப்பட்டவன் எப்படி இதில் மாட்டினேன்?

போன வருஷம் சித்திரையில் பசுமலைக்குத் தெற்கே இந்த மனையை வாங்கினேன். நட்டநடுவில் புளியமரம். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன். அளவு டேப், கிராஃப் பேப்பர், பென்சில், ரப்பர் சகிதம் மரத்தடியில் உட்கார்ந்து பிளான் போடுவேன். வெளியே வெயில் கொளுத்தும். மரத்தடியில் மட்டும் குளுகுளுவென்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளானை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் உறைத்தது. எந்த நிழலில் உட்கார்ந்து பிளான் போட்டேனோ, அந்த நிழலை வெட்டிச் சாய்ப்பதுதான் அந்தப் பிளானின் முதல் வேலை!

பிளானை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். நேரே இன்ஜினீயர் சாந்தாராமிடம் போனேன். சௌராஷ்டிரக் குடும்பம், அப்பாவும் சித்தப்பாக்களும் ஜவுளியில் இருக்க, இவர் மட்டும் சிமென்ட் பக்கம் வந்துவிட்டார். நான்தான் அவருடைய முதல் வாடிக்கையாளர்.

"மரத்தை வெட்டாம வீடு கட்டணும்" என்றேன்.

"மரத்தைத் தள்ளி வச்சுக் கட்டணும்கிறீங்களா சார்?"

"தள்ள முடியாது. அது நடுவுல இருக்கு. வீட்டை மரத்தைச் சுத்திக் கட்டணும்."

சாந்தாராம் தன் வீட்டு மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டார். அதற்கு அர்த்தம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் மறுநாளே டேப்போடு வந்துவிட்டார். வேர் ஓடுகிற இடங்களில் அஸ்திவாரம் தோண்டவில்லை. வேருக்கு இந்தப் பக்கம் ஒரு பில்லர், அந்தப் பக்கம் ஒரு பில்லர், மேலே பாலம் மாதிரி ஒரு பீம். சமையலறைச் சுவர் அந்தத் தாழ்ந்த கிளைக்காகக் கொஞ்சம் வளைந்து போனது. கூரையில் அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் கான்கிரீட் போட்டார். மரம் பருக்க வேண்டும், காற்றடித்தால் ஆட வேண்டும், கூரையில் இடிக்கக் கூடாது. சரி, அந்த இடைவெளி வழியாக மழை வராதா? அதற்கு லாரி டயரின் பழைய டியூபை வெட்டி, மரத்துக்குக் கழுத்துப்பட்டி மாதிரி சுற்றி, மாடியில் இரும்புப் பட்டை வைத்து நட்டுப் போட்டு இறுக்கியாயிற்று. நட்டுகளை முறுக்கியவன் நான். ஸ்டோர்ஸ்காரன் முறுக்கினால் முறுக்கியதுதான்.

வீட்டைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் வாயைப் பிளந்தார்கள். மீதிப் பாதி சிரித்தார்கள். என் மச்சான் மட்டும் கோபித்துக்கொண்டார்.

மச்சான் என்றால் என் மனைவி கோமதியின் அண்ணன். மதுரையில் இரும்புக் கடை. கம்பியும் சிமென்ட்டும் கலந்த எதையும் மதிப்பார். இலை விடுகிற எதையும் நம்ப மாட்டார். "புளியமரத்தை வீட்டுக்குள்ள வச்ச மொத ஆளு நீதான் மாப்ள. பேய்க்கு எம்புட்டு வாடகை வாங்குற?" என்று கேட்டுவிட்டு, தை மாதம் நடந்த கிரகப்பிரவேசத்துக்கு வராமலே இருந்துவிட்டார். கோமதிக்கு அது ஆறவில்லை. காற்றடித்து டியூப் கீச்... கீச்... என்று சத்தம் போடும்போதெல்லாம், மரத்தைப் பார்த்து ஒரு முறைப்பு, என்னைப் பார்த்து ஒரு முறைப்பு.

அந்த மச்சான்தான் மார்ச் 4 அன்று, முதன்முதலாக, மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலமே கோமதி தீர்ப்பை வாசித்துவிட்டாள்.

"நாளைக்கு அண்ணன் வாராரு. இந்த மரத்தால அவரு முன்னாடி எனக்கு ஒரு தலைக்குனிவு, ஒண்ணே ஒண்ணு வந்துச்சுன்னாலும் சரி... மறுநா காலையில மொத வேலை கோடாரிதான். சொல்லிப்புட்டேன்."

கோமதி சொன்னால் செய்கிறவள். எனவே நானும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். அடிமரத்தை ஈரத்துணியால் துடைத்தேன். எறும்புகளை விரட்டினேன். டியூப் கீச்சிடாமல் இருக்க, அதன் உள்பக்கம் பூராவும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தாராளமாகப் பூசினேன். ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்தப் பவுடரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மயில்கண் வேட்டி. ஹாலுக்குள் வந்ததும் மரத்தை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

"பவுடர் வாசம் வருதே மாப்ள... மரத்துக்கு மேக்கப்பெல்லாம் உண்டா?"

நான் சிரித்து வைத்தேன். கோமதி கலர் சோடா வாங்கி வைத்திருந்தாள், கொடுத்தாள். குடித்தார். சட்டைக் காலரைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். ஃபேன் ஓடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

"ஏத்தா கோமதி... வெளிய அம்புட்டு வெயிலு. இங்கன வெக்கையே தெரியலையே?"

கோமதியின் முகம் மலர்ந்தது. என் மனசுக்குள் கோடாரி ஒரு அடி பின்னால் நகர்ந்தது. மச்சான் இன்னும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டால் போதும், மரம் பிழைத்தது. அவரும் வாயைத் திறந்தார்...

அப்போது கேட் கிறீச்சிட்டது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். கையில் நீளமான தொரட்டி. அவருக்குப் பின்னால், தலையில் காலிச் சாக்குகளோடு ஒரு குண்டு மனிதர். அந்த அம்மாள் வாசலில் நின்று, மாடிக்கு மேலே தெரிந்த மரத்தைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாக ஹாலுக்குள் நின்ற அடிமரத்தைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அடி ஆத்தே! எம் மரத்தை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிப்புட்டாகளே!"

அந்த அம்மாள் பெயர் ஒச்சம்மா. எனக்கு இந்த மனையை விற்றவரின் தங்கை. எழுமலையில் வாழ்க்கைப்பட்டவர். கல்யாணத்தின்போது அப்பா இந்த மரத்தைச் சீராகக் கொடுத்துவிட்டாராம். நிலம் அண்ணனுக்கு, நிலத்தில் நிற்கிற மரத்துப் புளி தங்கைக்கு. வருஷம் தவறாமல் மாசி மாதம் பஸ் ஏறி வந்து, உலுக்கி, மூட்டை கட்டிக்கொண்டு போவாராம். நான் வாங்கியது சித்திரையில், அந்த வருஷத்துப் புளி போன பிறகு. கட்டிக் குடியேறியது தையில், இந்த வருஷத்துப் புளிக்கு முன்னால். இரண்டுக்கும் நடுவில் கனகச்சிதமாக ஒரு வீட்டையே கட்டிவிட்டேன்.

நான் சட்டம் பேசினேன். "இந்தாம்மா, பத்திரத்துல மாவடை மரவடை உட்படன்னு எழுதித்தான் உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்காரு. மரமும் சேர்ந்துதான் எனக்கு வந்திருக்கு."

"கையெழுத்துப் போட்டது எங்கண்ணே. அவரு இதுவரைக்கும் ஒரு புளியாச்சும் உலுக்கியிருப்பாரா? கேட்டுப் பாருங்க" என்றார் ஒச்சம்மா. சொல்லிவிட்டுச் செருப்பை வாசலில் விட்டார் — நான் வைத்திருந்த வரிசையை ஒட்டியே, ஒழுங்காக. உள்ளே வந்துவிட்டார். "ராசு, ஏறுப்பா."

ராசு என்பவர்தான் சாக்கு சுமந்து வந்தவர், ஒச்சம்மாவின் கொழுந்தனார். சாக்குகளைச் சோபாவில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். எங்கள் ஹாலின் நடுவில் மரத்தடியைத் தொட்டுக் கும்பிட்டார்.

"மாடிப்படி அந்தப் பக்கம் இருக்குங்க" என்றேன்.

"இருக்கட்டும் சார். அடியில கும்பிட்டு, அடியில இருந்துதான் ஏறணும். எங்க வழக்கம். நடுவுல போயித் தொத்துனா மரம் கோவிச்சுக்கிரும்."

மரத்தின் மனசு வீட்டுக்காரனான எனக்கா தெரியும்? நான் வாய் திறப்பதற்குள் ராசு பாதி மரம் ஏறிவிட்டார். தலையால் டியூபை முட்டினார். பழைய டியூப் என்றால் ஒட்டிக்கொண்டு நகராது. ஆனால் பவுடர் போட்ட டியூப் ஆயிற்றே... வழுக்கி விரிந்து, தலைக்கு வழி விட்டது. தோளுக்கு விட்டது. நெஞ்சுக்கும் விட்டது. வயிற்றுக்கு வந்தபோது நின்றுவிட்டது.

மரம் பருப்பதற்கு இடம் விட்டிருந்தோம். ராசு பருப்பார் என்று சாந்தாராமுக்கு யாரும் சொல்லவில்லை.

"மதினி..." மாடியிலிருந்து ராசுவின் குரல் வந்தது.

"என்னாப்பா?"

"போக மாட்டேங்குது."

"அப்ப எறங்கு."

"அதுவும் மாட்டேங்குது."

ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தோம். கூரையிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தொங்கிக்கொண்டு மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தன. டியூப், மரத்தையும் ராசுவையும் சேர்த்து ஒரே கழுத்துப்பட்டியாகக் கட்டிவிட்டது.

"பரோட்டாக் கடை வைக்காதே, வைக்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றார் ஒச்சம்மா எங்களிடம். "போன மாசிக்குக்கூட ஓணான் மாதிரி ஏறுனாரு. கடை வச்ச பெறகு, வித்தது போக மிச்சம் பூராம் இவரு வயித்துலதான்."

நான் கோமதியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். எடுக்க நேரமாகவில்லை, அது அதன் இடத்தில்தான் இருந்தது. மாடித் தளத்தில் மேல்பாதி ராசு, உறியடிக்கு வைத்த பானை மாதிரி பரிதாபமாக இருந்தார். "மன்னிச்சுக்கங்க சார்" என்றார். "பரவாயில்லைங்க" என்றேன். நட்டைத் திருகினேன். அசையவில்லை. இன்னொன்றைத் திருகினேன். அசையவில்லை. நான்தான் சொன்னேனே, ஸ்டோர்ஸ்காரன் முறுக்கினால் முறுக்கியதுதான். என்னாலேயே கழற்ற முடியவில்லை.

"எண்ணெய்! எண்ணெய் எடுத்துட்டு வா!" என்று மாடியிலிருந்து கத்தினேன்.

"நல்லெண்ணெயா, கடலெண்ணெயா?" என்று கேட்டாள் கோமதி.

"எதாச்சும் ஒண்ணு!"

"அப்படின்னா கடலெண்ணெய் போதும்."

நான் கீழே வந்தபோது காட்சி மாறியிருந்தது. மச்சானுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார். "காலைப் பிடிச்சு இழுத்தா வந்துட்டுப் போறான்" என்று கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்துப் பிடி தேடிக்கொண்டிருந்த ராசுவின் வலது கால், கஞ்சி போட்ட தோளைக் கண்டுபிடித்துவிட்டது. இடது காலும் வந்து அடுத்த தோளில் உட்கார்ந்தது.

"அப்பாடா... இப்பத்தான் காலுக்கு எதோ கட்டை தட்டுப்பட்டுச்சு மதினி" என்றது மாடிக்குரல்.

"கட்டை இல்லப்பா, ஒரு அண்ணே தோளு" என்றார் ஒச்சம்மா.

"அண்ணே, யாருன்னு தெரியல... கொஞ்சம் அசையாம நில்லுங்கண்ணே. புண்ணியமாப் போகும்."

மச்சான் அசையவில்லை. அசைந்தால் ஸ்டூல் அசையும். இரும்புக் கடை முதலாளி, பரோட்டாக் கடை முதலாளியைச் சுமந்துகொண்டு, சாமி தூக்கியவர் மாதிரி நின்றார். "மாப்ள..." என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

இதைவிடப் பெரிய தலைக்குனிவு ஒரு மரத்தால் வர முடியுமா? மரத்தின் கதை முடிந்தது என்று நினைத்தேன். மனசுக்குள் விடையும் கொடுத்துவிட்டேன்.

ஆனால் கோமதி மரத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒச்சம்மாவிடம் கேட்டாள்.

"ஆமா... புளி பூராத்தையும் நீங்களேவா எடுத்துட்டுப் போவீக?"

"எங்கய்யா சீராக் குடுத்ததுல்ல?"

"சீருதான். நான் இல்லங்கல. தையில குடி வந்ததுல இருந்து, அரிசி களஞ்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணி அம்புட்டையும் இந்த வேருக்கு ஊத்துனது யாரு? தினம் கூட்டிப் பெருக்குறது யாரு?" (கூட்டுவது நான். அந்த நேரத்தில் திருத்தவில்லை.)

"அதுக்காக ஒரு படி வேணா தாரேன்."

"படியா! ஹால்ல பாதியை இது அடைச்சுக்கிட்டு நிக்கிது. பாதிக்குப் பாதி."

"ஏத்தா, அடுக்குமா? கால்வாசி எடுத்துக்க."

"பாதி."

"ரெண்டு பேரும் அப்புறமாப் பேசுங்களேன்" என்றார் மச்சான், கால்களுக்கு நடுவிலிருந்து.

"நீங்க சும்மா இருங்கண்ணே!" என்று கோமதி திரும்பினாள். "அவுக அய்யா பொண்ணுக்கு ஒரு மரத்தையே குடுத்திருக்காரு. நீங்க தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக்கூட வரல!"

மச்சானால் தலையைக் குனிய முடியவில்லை. இரண்டு பக்கமும் கால். ஒச்சம்மா ஒரு நிமிஷம் கோமதியைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வரலையா?"

"வரல. பால் காய்ச்சும்போது வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"விடு மதினி" என்றார் ஒச்சம்மா. என்னை அண்ணன் முறையாக்கி, கோமதியை மதினி ஆக்க அவருக்கு அவ்வளவு நேரம்தான் பிடித்தது. "பாதிக்குப் பாதி. வருஷா வருஷம். மரம் நிக்கிற மட்டும்."

"மரம் நிக்கிற மட்டும்" என்றாள் கோமதி.

அதன் பிறகுதான் எண்ணெய் மாடிக்கு வந்தது. ராசுவின் இடுப்பைச் சுற்றி ஊற்றினேன். கீழே மச்சான் தோளால் ஓர் உந்து உந்தினார். இத்தனை நேரம் அடக்கிவைத்த கோபமெல்லாம் அதில் இருந்தது. ப்ளக் என்று ஒரு சத்தம். ராசு முழுசாக மாடிக்கு வந்து, கும்பிட்டுவிட்டு, கிளைக்குத் தாவினார். அடுத்த கணம் மொட்டைமாடியில் சடசடவென்று புளி கொட்டியது. நான் காலையில் கூட்டி வைத்த மாடி அது.

எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். ராசு இரண்டாவது தடவை சோறு வேண்டாம் என்று இலையை மறைத்தார். "அடுத்த மாசிக்கு இளைச்சுட்டு வாரேன்" என்றார். "கடையை வித்தாத்தான்" என்றார் ஒச்சம்மா.

மச்சான் கை கழுவிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையின் இரண்டு தோளிலும் பாதச்சுவடு, ராணுவ அதிகாரிக்கு நட்சத்திரம் குத்திய மாதிரி. "இதுக்கு மேல பொறுக்க முடியாது மாப்ள. நாளைக்குக் காலையிலயே கோடாரியோட ஆள் அனுப்புறேன். இந்தச் சனியனை வெட்டிச் சாய்ச்சிரு."

நான் பதில் சொல்வதற்குள் கோமதி முன்னால் வந்துவிட்டாள்.

"யாரு மரத்தை யாரு வெட்டுறது? பாதி என்னுது. பாதி ஒச்சம்மா மதினிது. நீங்க எந்தப் பாதிய வெட்டப் போறீக?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

"அப்ப எனக்கு எந்தப் பாதி?" என்று கேட்டேன்.

"உங்களுக்குக் கூட்டுறது" என்றாள்.

வாசகர்களே, வீடு கட்டப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். காற்று எந்தப் பக்கம் வரும், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்துப் பிளான் போடுகிறோம். நல்லதுதான். அப்படியே இருக்கிற மரத்தையும் விட்டுவைத்துக் கட்டுங்கள், வெயில் தெரியாது. ஆனால் வளர்ந்து நிற்கிற மரத்தை விலைக்கு வாங்குகிறவன், அதற்கு ஏற்கெனவே இருக்கிற சொந்தக்காரர்களையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். அவர்களுக்கும் பிளானில் ஒரு வழி விட வேண்டும். கொஞ்சம் அகலமாகவே.

மச்சான் வாக்குத் தவறாதவர். மறுநாள் திங்கட்கிழமை விடிந்ததும், சொன்னபடியே கோடாரியோடு ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார். சனிக்கிழமை தீர்ப்புச் சொன்ன கோமதியும் வாக்குத் தவறாதவள்தான். வந்தவருக்குக் காபி கொடுத்தாள். மரத்தடியில் சாக்கை விரித்து உட்காரச் சொன்னாள். அன்று எங்கள் வீட்டில் காலை முதல் வேலை கோடாரிதான் — அதைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்தால், கோமதியின் பங்குப் புளிக்கு ஓடு தட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.